தூங்கினீர்களா என்று ஒரு தடவைகூடக் கேட்காத தெரபிஸ்ட்

தியானத்துக்குப் பிறகு உடம்பும் மனமும் கட்டுக்கடங்காமல் போய், யாரிடம் போவது என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் மாட்டிய இடத்தில் நீங்கள் மாட்டக்கூடாது.

பத்து நாள் மௌனத் தியானம் முடித்து வந்த மறுவாரமே ஆரம்பித்துவிட்டது. முதுகுத்தண்டில் சூடு ஏறும், கண்ணை மூடினால் வெளிச்சம், எதைப் பார்த்தாலும் நானும் அதுவும் ஒன்று என்று தோன்றி அழுகை பொங்கும். இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூக்கமில்லை, ஆனால் களைப்பே தெரியவில்லை. அந்தக் களைப்பில்லாமைதான் அபாய மணி என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆன்மிக அனுபவங்களில் தேர்ந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒரு தெரபிஸ்டிடம் போனேன். கண் கலங்கக் கேட்டார். இது நோயே இல்லை, குண்டலினி எழுந்துவிட்டது, லட்சத்தில் ஒருவருக்குத்தான் வாய்க்கும் என்றார். பைத்தியம் பிடிக்கிறதோ என்று நடுங்கிப்போயிருந்த எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். அதற்கப்புறம் அவர் சொன்னதெல்லாம் வேதவாக்கு.

ஐந்து செஷன். நான் கண்ட காட்சிகளை ஒன்று விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார். தூங்கினேனா, சாப்பிட்டேனா, ஏதாவது மருந்து எடுக்கிறேனா, குடும்பத்தில் யாருக்காவது இருமுனைக் கோளாறு (அளவுமீறிய உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வரும் மனநோய்) இருந்ததா, இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. தியான நேரத்தைக் கூட்டச் சொன்னார். மனநல மருத்துவரிடம் போனால் மாத்திரை கொடுத்து எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள், வீட்டாரிடம் சொன்னால் உங்களைக் கீழே இழுத்துவிடுவார்கள் என்றார். நாலாவது செஷனில், தானே நடத்தும் முகாமுக்குப் பணம் கட்டவைத்தார். சிகிச்சை தருகிறவரே குருவாகவும் விற்பனையாளராகவும் ஆனால் யார் நலனுக்காகப் பேசுகிறார் என்று எப்படித் தெரியும்? இப்படி இரட்டை உறவு வைத்து நோயாளிக்குக் கேடு வரவைக்கக்கூடாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறையே சொல்கிறது.

முகாமுக்குத் தயாராவதற்காகத் தன் வகுப்பின் ஒலிப்பதிவு ஒன்றை அனுப்பினார். பாதியில் எனக்குக் கை சில்லிட்டுப்போனது. என் உள்ளங்கை ரேகைகளில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன் என்று அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். அதை என் வார்த்தை மாறாமல், என் வயதையும் வேலையையும் சேர்த்து, முன்பின் தெரியாதவர்களுக்குக் கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வாரமே மூன்று இரவு ஒரு பொட்டுத் தூக்கமில்லாமல், ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்திருந்தேன். அக்காதான் பார்த்துவிட்டு மனநல மருத்துவரிடம் இழுத்துப் போனாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?" தியானத்தை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார், தூக்கத்துக்கு மருந்து கொடுத்தார், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நடக்கச் சொன்னார். அனுபவம் பொய் என்று அவர் சொல்லவே இல்லை. "அதன் அர்த்தத்தை அப்புறம் நிதானமாகப் பேசலாம், அது எங்கேயும் போய்விடாது" என்றார்.

எல்லா ஆன்மிக அனுபவத்தையும் நோய் என்று ஒதுக்குகிறவர்களும் தவறுதான். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1994லேயே மத, ஆன்மிகச் சிக்கல்களுக்கு மனநோய் அல்லாத தனிப் பிரிவு கொடுத்துவிட்டது. ஆனால் தூக்கம் குறைந்தும் களைப்பில்லாமல் இருப்பது மேனியாவின், அதாவது மனம் கட்டுமீறிக் கிளர்ந்துபோகும் நோய்நிலையின், முக்கிய அறிகுறி. ஆன்மிக அனுபவமும் மேனியாவும் ஒரே ஆளிடம் ஒரே சமயத்தில் இருக்கலாம். ஆன்மிக அனுபவமே ஆளைத் தடுமாறவைக்கும் 'ஆன்மிக நெருக்கடி' என்ற கருத்தைப் பரப்பிய மனநல மருத்துவர் ஸ்டானிஸ்லாவ் குரோஃப், கிறிஸ்டினா குரோஃப் தம்பதியே முதலில் மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

அதனால் முதல் செஷனிலேயே கேளுங்கள்: என்ன தகுதி, நிலைமை மோசமானால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள், நான் சொல்வதை வேறு எங்காவது பேசுவீர்களா? முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். நான் அந்த ஒலிப்பதிவையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், அவருக்கு உரிமம் கொடுத்த அமைப்புக்குப் போன வாரம் புகார் அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் வரவில்லை.