டயர் காற்றழுத்தம் பார்க்க எந்த கேஜ்: பென்சிலா, டயலா, டிஜிட்டலா?

33 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய கார் டயரில் 27 இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ரேடியல் டயரின் பக்கச்சுவர் சரியான அழுத்தத்திலேயே தரைப்பக்கம் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். காலால் உதைத்தாலும் கட்டைவிரலால் அமுக்கினாலும் அந்த 6 பிஎஸ்ஐ பிடிபடாது. ஆனால் விளைவு நிச்சயம் வரும்: ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் அதிகமாக மடங்கிச் சூடேறும், டயரின் இரு ஓரங்களும் சீக்கிரம் தேயும், எரிபொருளும் கூடுதலாகப் போகும். காரில்தான் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. அமெரிக்க விதியின்படி பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறையும்போது அந்த விளக்கு எரிந்தால் போதும். 32 பிஎஸ்ஐ டயர் 24-க்கு இறங்கும் வரை அது எரியாமலே இருக்கலாம். மாதம் ஒருமுறையாவது கையில் ஒரு கேஜை எடுத்து வால்வில் வைத்துப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் கிடையாது.

கையில் வைத்துப் பார்க்கும் கேஜ்கள் மூன்று வகை: பேனா மாதிரி இருக்கும் பென்சில் கேஜ், முள் சுற்றும் டயல் கேஜ், எண்ணைத் திரையில் காட்டும் டிஜிட்டல் கேஜ். காற்று அடிக்கும் பம்பிலேயே பொருத்தியிருக்கும் கேஜ் நான்காவது. வகையைப் பார்த்து மட்டும் வாங்கினால் ஏமாந்துபோவோம். மட்டமான டிஜிட்டலை விட நல்ல பென்சில் கேஜ் எவ்வளவோ மேல். அளவு வரம்பு நம் டயருக்குப் பொருந்துகிறதா, ஒரே டயரைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒரே எண்ணைச் சொல்கிறதா: இந்த இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

வரம்பில்தான் பாதி தீர்ப்பு

டயல் கேஜில் எழுதியிருக்கும் '2 சதவீதத் துல்லியம்' பொதுவாக நாம் பார்க்கும் எண்ணில் 2 சதவீதம் அல்ல, டயலின் முழு அளவில் 2 சதவீதம். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் ஏஎஸ்எம்இ பி40.100 தரநிலையில் 'பி' கிரேடு என்றால், டயலின் நடுப் பாதியில் முழு அளவின் 2 சதவீதமும், கீழ்க் கால் பகுதியிலும் மேல் கால் பகுதியிலும் 3 சதவீதமும் பிழை வரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 பிஎஸ்ஐ டயலில் 33 பார்க்கிறீர்கள்: முள் நடுப் பாதியில் நிற்கிறது, பிழை 1.2 பிஎஸ்ஐ வரை. 160 பிஎஸ்ஐ டயலில் அதே 33: முள் கீழ்க் கால் பகுதியில் நிற்கிறது, பிழை 4.8 வரை போகலாம். கேஜ் இரண்டும் ஒரே தரம்தான். பெரிய எண் வரை காட்டுவது நல்லது என்று 160-ஐ எடுத்தவருக்கு நான்கு மடங்கு பிழை.

எனவே நாம் வழக்கமாகப் பார்க்கும் அழுத்தம் டயலின் நடுவில் விழ வேண்டும். கார், பைக், ஸ்கூட்டருக்கு 60 பிஎஸ்ஐ. லாரி, பேருந்துக்கு 160. மிகக் குறைந்த அழுத்தத்தில் ஓடும் அகலமான டயர்களுக்கு 15 அல்லது 20 பிஎஸ்ஐ வரை மட்டும் காட்டும் தனி கேஜ். இதில் ஒரு சிக்கல் உண்டு. பல கார்களில் டிக்கியில் படுத்திருக்கும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்கு 60 பிஎஸ்ஐ அடிக்க வேண்டும். 50 வரை மட்டும் காட்டும் பென்சில் கேஜால் அதை அளக்கவே முடியாது. 60 பிஎஸ்ஐ டயலில் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டும், அதற்கு மேல் இருந்தால் தெரியாது. அப்படிப்பட்ட ஸ்டெப்னி இருந்தால் 100 பிஎஸ்ஐ வரை காட்டும் டிஜிட்டல் பக்கம் சாய நியாயமான காரணம் இருக்கிறது.

பென்சில் கேஜ்

உள்ளே ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், எண் பொறித்த ஒரு பட்டை, அவ்வளவுதான். டயர்க் காற்று பிஸ்டனைத் தள்ளுகிறது, பிஸ்டன் பட்டையை வெளியே தள்ளுகிறது. பட்டை பிஸ்டனோடு ஒட்டியிருக்காது. கேஜை வால்விலிருந்து எடுத்ததும் பிஸ்டன் பின்வாங்கிவிடும், பட்டை எட்டிய இடத்திலேயே நிற்கும். சாவகாசமாக வெளிச்சத்தில் வைத்துப் படிக்கலாம். பேட்டரி வேண்டாம், உடைய அதிகம் எதுவும் இல்லை, சட்டைப் பையில் அடங்கும்.

இதில் தப்பான எண் வருவதற்குப் பெரும்பாலும் கை வைக்கும் விதமே காரணம். ஒவ்வொரு முறையும் பட்டையை முழுதாக உள்ளே தள்ளிவிட்டு, வால்வுக்கு நேராக வைத்து, ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். கோணலாக வைத்து 'புஸ்' என்று காற்று வெளியேறினால் எண் குறைவாக வரும். வேகமாக அடித்து வைத்தால் பட்டை ஒரு கோடு கூடுதலாக ஓடிவிடலாம். மூன்று முறை பாருங்கள், சத்தம் வராமல் வைத்தபோது கிடைத்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

குழாய்க்குள் தூசியும் ஈரமும் புகுந்தால் பிஸ்டன் உராய்ந்து நகரும், எண் குறையும். அதைச் சரிசெய்ய எண்ணெய் விடுவது தவறு. எண்ணெய் இன்னும் தூசியைப் பிடித்து வைக்கும், உள்ளிருக்கும் ரப்பரையும் உப்ப வைக்கும். வாங்கும்போது உடலும் பட்டையும் உலோகமா, எண்கள் பொறித்தவையா என்று பாருங்கள். பிளாஸ்டிக் பட்டையில் அச்சடித்த எண்கள் விரல் பட்டே அழிந்துபோகும். கோடுகள் 1 பிஎஸ்ஐ இடைவெளியில் இருக்க வேண்டும். 2 பிஎஸ்ஐக்கு ஒரு கோடு என்றால் அது லாரிக்குத்தான் சரி.

கையில் இருக்கும் தொகை குறைவு என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதே தொகைக்குக் கிடைக்கும் டயலும் டிஜிட்டலும் இதை விடப் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அந்த விலைப் படியில் நம்பகம் இதற்குத்தான் அதிகம்.

டயல் கேஜ்

டயலுக்குள் இருப்பது பூர்டன் குழாய். பிரான்ஸில் யூஜின் பூர்டன் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு. தட்டையாக்கி வளைத்த பித்தளை அல்லது வெண்கலக் குழாய்க்குள் அழுத்தம் ஏறும்போது வளைவு சற்றே நிமிரப் பார்க்கும். முனை சில மில்லிமீட்டர்தான் நகரும். அந்த நகர்வை ஒரு சின்ன இணைப்புக் கம்பியும் பற்சக்கரமும் பெருக்கி முள்ளைச் சுற்ற வைக்கின்றன.

இவ்வளவு சிறிய அசைவைப் பெருக்குவதால்தான் டயல் கேஜ் கீழே விழக் கூடாது. ஒருமுறை சிமென்ட் தரையில் விழுந்தாலே கம்பி வளையலாம், பற்சக்கரம் ஒரு பல் தாண்டலாம். பிறகு எல்லா எண்ணும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிடும். இது வெளியே தெரியாமல் போவதுதான் ஆபத்து. பல டயல்களில் 0-விற்குப் பக்கத்தில் முள்ளைத் தடுக்கும் ஒரு சின்ன ஊசி இருக்கும். கேஜ் 3 பிஎஸ்ஐ குறைத்துக் காட்டும் அளவுக்குக் கெட்டிருந்தாலும், சும்மா இருக்கும்போது முள் அந்த ஊசியில் சாய்ந்து ஒழுங்காக 0-விலேயே நிற்கும். தடுப்பு ஊசி இல்லாத டயல் கிடைத்தால் அதையே எடுங்கள். முள் 0-வைத் தாண்டி எந்தப் பக்கம் நின்றாலும் கண்ணில் பட்டுவிடும். ரப்பர் உறை போட்ட டயல் கட்டாயம்.

டயலுக்கு இருக்கும் பெரிய சாதகம் ஒரு முழம் நீள ஹோஸும் காற்று இறக்கும் பொத்தானும். ஹோஸ் இருந்தால் தலையை வால்வில் மாட்டிவிட்டு டயலை முகத்துக்கு நேரே பிடிக்கலாம். கொஞ்சம் கூடுதலாக அடித்துவிட்டு, பொத்தானை விட்டுவிட்டு அழுத்தி, வேண்டிய எண்ணுக்குக் கொண்டுவரலாம். பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும்போது முள் காட்டும் எண் கணக்கில்லை. காற்று ஓடிக்கொண்டிருப்பதால் அது குறைவாகவே காட்டும். விரலை எடுத்து, முள் நின்ற பிறகு படியுங்கள். கேஜை எடுத்த பிறகும் எண்ணைப் பிடித்து வைக்கும் வகை டயலில் முள் தானாக மெல்ல இறங்கினால் உள்ளே இருக்கும் தடுப்பு வால்வு கசிகிறது.

கிளிசரின் நிரப்பிய டயல் அதிரும் கம்ப்ரசரில் முள் ஆடாமல் இருக்கத்தான். டயர் பார்க்க அது தேவையில்லை. வெயிலில் திரவம் விரிந்து கூட்டுக்குள் அழுத்தம் ஏறினால் 0 நகர்ந்துபோகவும் கூடும்.

டிஜிட்டல் கேஜ்

ஒரு சிறிய சிலிக்கான் உணரி அழுத்தத்தில் வளையும்போது அதன் மின்தடை மாறுகிறது, அது எண்ணாகத் திரைக்கு வருகிறது. நகரும் பாகம் இல்லை. அதனால் கீழே விழுவதை டயலை விட நன்றாகத் தாங்கும். இருட்டில் திரையும், வால்வில் வைக்கும் மூக்கும் ஒளிரும். 100, 150 பிஎஸ்ஐ வரை அளப்பதால் சைக்கிள், பைக், கார், ஸ்டெப்னி எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும்.

புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கத்தைக் கண்டு மயங்க வேண்டாம். 32.7 என்று காட்டுவது எவ்வளவு சின்ன மாற்றத்தைக் காட்ட முடியும் என்பதைத்தான் சொல்கிறது, எவ்வளவு சரி என்பதை அல்ல. 150 பிஎஸ்ஐ கேஜுக்கு 1 சதவீதத் துல்லியம் என்று போட்டிருந்து அது முழு அளவைக் குறிப்பதானால், அந்த 32.7 என்பது 31.2-இல் இருந்து 34.2 வரை எதுவாகவும் இருக்கலாம். இயற்கையும் சும்மா இருப்பதில்லை. 33 பிஎஸ்ஐ உள்ள டயர் 10 டிகிரி செல்சியஸ் சூடானால் சுமார் 1.6 பிஎஸ்ஐ ஏறும். ஒரு பக்க வெயிலில் நின்ற காரில் அந்தப் பக்க டயர்கள் கூடுதலாகக் காட்டுவதும் இதனால்தான்.

பெரும்பாலான டிஜிட்டல் கேஜ்கள் உயிர்பெறும் நொடியில் வெளிக்காற்றை 0 என்று எடுத்துக்கொள்கின்றன. வால்வில் வைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினால் அந்த 0-வே தவறிப்போகலாம். முதலில் கேஜை ஆன் செய்யுங்கள், 0 வரட்டும், பிறகு வால்வில் வையுங்கள். அலகு பொத்தானில் விரல் பட்டு பிஎஸ்ஐ, பார் ஆக மாறிவிடுவதும் நடக்கும். 2.3 பார், 230 கிலோபாஸ்கல் இரண்டும் ஏறக்குறைய 33 பிஎஸ்ஐதான். பேட்டரியை ஸ்குரூ கழற்றி மாற்ற முடியுமா, அது எங்கும் கிடைக்கும் சிஆர்2032 காசு வடிவ பேட்டரி போன்ற வகையா என்று கேட்டு வாங்குங்கள். மூடி ஒட்டிய கேஜ் பேட்டரி தீர்ந்ததும் குப்பைதான். பேட்டரி தளர்ந்தால் திரை மங்கும், சிலவற்றில் எண்ணும் தடுமாறும். மங்கிய திரையில் வரும் எண்ணை நம்பாதீர்கள்.

பம்பில் இருக்கும் கேஜ்

பம்ப் ஓடும்போது அது காட்டுவது ஹோஸில் இருக்கும் அழுத்தம். டயரில் இருப்பதை விட அது அதிகம். நிறுத்திய பிறகு வருவதுதான் டயரின் எண். பொது இடத்துப் பம்பின் ஹோஸ் முனையில் தொங்கும் கேஜ் நாள் முழுதும் தரையில் விழுந்து இழுபடுவது. காற்று அடிக்க அதைப் பயன்படுத்துங்கள், கடைசி எண்ணை உங்கள் கேஜில் பாருங்கள்.

வால்வில் உட்காரும் தலை

கேஜ் எவ்வளவு நல்லதானாலும் தலை வால்வில் உட்காராவிட்டால் பயனில்லை. பைக்கின் முன் சக்கரத்தில் டிஸ்க்கும், ஸ்கூட்டரின் சின்ன சக்கரத்தில் ரிம்மும் நேர்த் தலைக்கு இடம் விடாது. அங்கே 90 டிகிரி வளைந்த தலையோ ஹோஸோ வேண்டும். திருகி மாட்டும் தலை கசியாது, ஆனால் கழற்றும்போது கொஞ்சம் காற்று போகும். கார் டயருக்குள் 25, 30 லிட்டர் இடம் இருப்பதால் அந்த இழப்பு தெரியவே தெரியாது. பந்தய சைக்கிளின் ஒல்லி டயரில் இருப்பது ஒரு லிட்டர்தான். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சில பிஎஸ்ஐ குறைந்துவிடும். அந்த டயர்களில் பிரெஸ்டா என்ற ஒல்லியான சைக்கிள் வால்வு இருந்தால் அதற்கேற்ற தலையும் வேண்டும். தலைக்குள் இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் எப்படி வைத்தாலும் புஸ் சத்தம் வரும். வளையம் மாற்ற முடிகிற கேஜாக இருந்தால் கேஜே புதிதாக வாங்க வேண்டியிருக்காது.

வாங்கியதும் செய்யும் சோதனை

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், குறைந்தது 3 மணி நேரம் நின்ற டயரில் ஐந்து முறை பாருங்கள். ஐந்தும் 1 பிஎஸ்ஐக்குள் இருந்தால் கேஜ் ஒரே பேச்சில் நிற்கிறது. 31, 34, 32 என்று அலைந்தால் திருப்பிக் கொடுங்கள், அதைக் கணக்குப் போட்டுச் சரிசெய்ய வழியே இல்லை.

அடுத்து, முறையாக அளவு சரிபார்த்த கேஜ் வைத்திருக்கும் டயர்க் கடையில் ஒப்பிடுங்கள். உங்கள் கேஜ், அவர்கள் கேஜ், மறுபடி உங்கள் கேஜ் என்ற வரிசையில் பார்த்து, உங்களுடைய இரண்டு எண்களின் சராசரியை அவர்களுடையதோடு ஒப்பிட வேண்டும். நடுவில் போகும் காற்று கணக்கில் இடிக்காது. இதை 25-க்குப் பக்கத்திலும் 40-க்குப் பக்கத்திலும் செய்யுங்கள். இரண்டு இடத்திலும் 2 குறைவாகவே காட்டினால் கேஜின் முதுகில் '+2' என்று எழுதி ஒட்டிவிட்டுத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு இடத்தில் சரியாகவும் மற்ற இடத்தில் 3 தள்ளியும் காட்டினால் வேண்டாம்.

கார் மட்டும், அடிக்கடி காற்று ஏற்றி இறக்கிச் சரிசெய்பவர் என்றால் 60 பிஎஸ்ஐ டயல், ஹோஸோடும் பொத்தானோடும். வீட்டில் பலவகை வண்டிகள், அல்லது 60 பிஎஸ்ஐ ஸ்டெப்னி என்றால் பேட்டரி மாற்ற முடிகிற டிஜிட்டல். இரண்டில் எது வாங்கினாலும் ஒரு உலோகப் பென்சில் கேஜ் டேஷ்போர்டு அறையில் கிடக்கட்டும். முதல் கேஜ் என்றைக்கு வழிதவறியது என்பதை அதுதான் காட்டிக்கொடுக்கும். இரண்டும் 2 பிஎஸ்ஐக்கு மேல் முரண்பட்டால், அல்லது டயல் ஒருமுறை கீழே விழுந்தால், மேலே சொன்ன ஒப்பீட்டை மறுபடி செய்யுங்கள். ஓடிவந்த சூட்டில் டயர் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டினால் கேஜ் மேல் சந்தேகமும் வேண்டாம், காற்றை இறக்கவும் வேண்டாம்.