ரீசெட் தோற்றுப்போன லேப்டாப்: உள்ளிருந்து மீட்பதா, பென்டிரைவிலிருந்து மீட்பதா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் அக்கா மகன் லேப்டாப்பை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றான். மிகவும் மெதுவாக ஓடுகிறதே என்று விண்டோஸை 'ரீசெட்' செய்ய, அதாவது அதையே மறுபடி புதிதாக நிறுவ, போயிருக்கிறான். அறுபது விழுக்காட்டைத் தாண்டியதும் நின்றுவிட்டது. அதன் பிறகு எப்போது இயக்கினாலும் விண்டோஸின் நீல நிற மீட்புத் திரைதான். அங்கிருந்தே மறுபடியும் மறுபடியும் ரீசெட் கொடுத்து, சிக்கல் ஏற்பட்டது, மாற்றம் எதுவும் செய்யப்படவில்லை என்ற அறிவிப்பை மூன்று முறை வாங்கியிருக்கிறான்.

"மாமா, இந்த முறை 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுத்துப் பார்க்கட்டுமா?"

"அதைத் தொடாதே. உள்ளே என்ன வைத்திருக்கிறாய்?"

"கடைசி வருட ப்ராஜெக்ட். அறிக்கை, புரோகிராம் எல்லாம் அதில்தான் இருக்கிறது."

இந்த நிலையில் நம் முன்னால் இருப்பவை இரண்டு பாதைகள். லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் மீட்பு வசதிகளை நம்புவது ஒன்று. வேறொரு கணினியில் தயாரித்த பென்டிரைவிலிருந்து இயக்கி வேலையைத் தொடங்குவது மற்றொன்று. முதலாவது சுலபம், கையோடு இருக்கிறது. ஆனால் ஒரு முறை தோற்ற பிறகு அதையே திரும்பத் திரும்ப அழுத்துவதில்தான் பெரும்பாலானவர்கள் கோப்புகளை இழக்கிறார்கள்.

ஏன் தோற்கிறது என்று தெரிந்தால் இது புரியும். விண்டோஸ் 10 முதல், 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' என்ற ரீசெட்டுக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி எதுவும் கிடையாது. ஏற்கெனவே டிஸ்க்கில் இருக்கும் சிஸ்டம் கோப்புகளைக் கொண்டுதான் அது புதிய விண்டோஸைக் கட்டுகிறது. அந்தக் கோப்புகளே சிதைந்திருந்தால், உளுத்துப்போன மரத்தை வைத்தே புதுக் கதவு செய்வது போலத்தான். பத்து முறை அழுத்தினாலும் அதே இடத்தில் நிற்கும். 2020இல் வந்த 'கிளவுட் டவுன்லோடு' இந்த விஷயத்தில் மேலானது. மைக்ரோசாஃப்ட்டிலிருந்து 4 ஜிபிக்கு மேல் புதிதாக இறக்கிக்கொண்டு அதிலிருந்து நிறுவும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால், டேட்டா தாங்குமானால், நான் கிளவுடைத்தான் சொல்வேன்.

ஆனால் இரண்டுக்கும் பொதுவான பலவீனம் ஒன்று உண்டு. இவற்றை இயக்கும் அந்த நீலத்திரை மீட்புச் சூழலும் அதே டிஸ்க்கில்தான் குடியிருக்கிறது. அதுவே கெட்டுப்போகலாம். 2025 ஆகஸ்டில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10இலும், விண்டோஸ் 11இன் பழைய பதிப்புகளிலும் ரீசெட்டே தோற்றுப்போனது. மைக்ரோசாஃப்ட் ஆகஸ்ட் 19 அன்று அதைச் சரிசெய்யத் தனி அப்டேட் வெளியிட வேண்டியிருந்தது. அதே ஆண்டு அக்டோபர் அப்டேட்டில் இன்னொன்று: மீட்புச் சூழலுக்குள் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் வேலை செய்யவில்லை. மெனு திரையில் தெரியும், தேர்ந்தெடுக்க முடியாது. அக்டோபர் 20 அன்று அதற்கும் அவசரத் திருத்தம் வந்தது. இயங்காத லேப்டாப்பில் அந்தத் திருத்தத்தை எப்படிப் போடுவது?

பென்டிரைவ் இங்கேதான் முந்துகிறது. 8 ஜிபி போதும். நண்பர் வீட்டுக் கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' வழியாகத் தயாரித்துக்கொள்ளலாம். பென்டிரைவில் முன்பு இருந்தவை அழிந்துவிடும் என்பதால் காலியானதை எடுக்க வேண்டும். அதிலிருந்து இயக்கினால் ஆரோக்கியமான மீட்புச் சூழல் ஒன்று தனியாகக் கிடைக்கிறது. கோப்புகளை எடுப்பது, பழுது பார்ப்பது, புதிதாக நிறுவுவது ஆகிய மூன்றுக்கும் அது ஒன்றே போதும்.

முதல் வேலை கோப்புகளை எடுப்பது. இதற்குள்ளும் இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, பென்டிரைவின் விண்டோஸ் நிறுவல் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்துவது. கறுப்புக் கட்டளைச் சாளரம் திறக்கும். அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, அது திறந்ததும் 'ஃபைல்', 'ஓபன்' என்று போய், கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால், டிஸ்க் முழுவதும் கண்முன் விரியும். வேண்டிய ஃபோல்டரை வலது கிளிக் செய்து காப்பி எடுத்து, வெளியில் செருகிய ஹார்டு டிஸ்க்கில் பேஸ்ட் செய்துவிடலாம். எழுத்து எழுதும் ஒரு சின்னச் செயலி கோப்புகளைக் கரையேற்றும் படகாகிவிடுகிறது! இங்கே சி டிரைவ் என்பது டி என்றோ இ என்றோ பெயர் மாறியிருக்கலாம். சியைத் திறந்து வெறுமையாக இருப்பதைப் பார்த்து எல்லாம் போய்விட்டதென்று பதற வேண்டாம். காப்பி ஓடும்போது எவ்வளவு முடிந்தது என்று காட்டாது, சாளரம் உறைந்ததுபோல் நிற்கும். காத்திருக்க வேண்டும். பெரிய ஃபோல்டர்களுக்கு அதே கறுப்புச் சாளரத்தில் 'ரோபோகாப்பி' என்ற காப்பி எடுக்கும் கட்டளை இன்னும் நம்பகமானது. ஆனால் படிக்க முடியாத கோப்பு ஒன்றைச் சந்தித்தால் அது இயல்பாகவே பத்து லட்சம் முறை, ஒவ்வொன்றுக்கும் 30 விநாடி இடைவெளி விட்டு முயன்றுகொண்டே இருக்கும். மறுமுயற்சியை 1 என்று குறைத்துவிட்டுத்தான் ஓடவிட வேண்டும்.

மற்றொரு வழி, விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளமான லினக்ஸை (உபுண்டு போன்றதை) இன்னொரு பென்டிரைவிலிருந்து நிறுவாமலே இயக்குவது. பழகிய டெஸ்க்டாப், ஃபோல்டர்கள், எவ்வளவு முடிந்தது என்பது எல்லாம் தெரியும். விண்டோஸ் முழுமையாக அணையாமல் நின்றிருந்தால் லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுத மறுக்கக்கூடும். நமக்கு வேண்டியது படிப்பதுதானே, அதனால் குறையில்லை. டிஸ்க்கே சாகும் தறுவாயில் இருந்தால், அதாவது டக் டக்கென்று சத்தமோ, ஒரு கோப்பைத் திறக்கவே நிமிடக்கணக்கில் தாமதமோ இருந்தால், சந்தேகமின்றி லினக்ஸ்தான். அதில் 'டிடிரெஸ்கியூ' என்ற கருவி நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட பகுதிகளைக் கடைசியில்தான் தொடுகிறது. டிஸ்க் நலமாக இருந்தால் நோட்பேட் வழியே விரைவு. அன்று நாங்கள் செய்ததும் அதுதான், ஆனால் பென்டிரைவில் இல்லாமல் லேப்டாப்பிலேயே இருந்த மீட்புச் சூழலின் கட்டளைச் சாளரத்தில்.

இரண்டு வழிக்கும் முன்னால் ஒரு பூட்டு நிற்கலாம்: டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலான லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் ஆகிவிடுகிறது. வைத்திருப்பவர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது. 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் எந்தக் கருவியும் அந்தக் கோப்புகளைத் திறக்காது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையால் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கியபோது, பல அலுவலகங்களில் மீட்பு தாமதமானதற்கு இந்தச் சாவியைத் தேடியதும் ஒரு காரணம். செல்பேசியிலிருந்தே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் பாருங்கள். பெரும்பாலும் அங்கே இருக்கும். அக்கா மகனுடையதும் அங்கேதான் இருந்தது. நான் வாசிக்க வாசிக்க அவன் எட்டுத் தொகுதிகளாக எழுதிக்கொண்டான்.

கோப்புகள் கைக்கு வந்த பிறகுதான் பழுது பார்ப்பதா, புதிதாக நிறுவுவதா என்ற கேள்வி. நேற்று வரை நன்றாக ஓடி, அப்டேட் ஒன்றுக்குப் பிறகு விழுந்த லேப்டாப் என்றால் பழுது பார்ப்பதற்கே என் ஓட்டு. 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' பெரும்பாலும் தொடக்கக் கோப்புகளோடு நின்றுவிடும். அதைவிட 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' என்பதை முதலில் முயலுங்கள், யாரும் கவனிக்காத நல்ல வசதி அது. ஆனால் ரீசெட் பாதியில் நின்று குழம்பிய விண்டோஸை ஒட்டுப்போட்டு ஓட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இன்று எழுந்தாலும் அடுத்த பெரிய அப்டேட்டில் மறுபடி படுக்கும்.

தயாரிப்பாளர் தரும் மீட்பு (எச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்டும் எஃப்10உம், ஏசஸில் எஃப்9, லெனோவோவில் ஊசித்துளை போன்ற நோவோ பட்டன்) டிரைவர்களை (வைஃபை, டிஸ்க் போன்ற பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்களை) எல்லாம் சேர்த்தே தருகிறது. அது நன்மை. ஆனால் பெரும்பாலும் வாங்கிய நாளின் நிலைக்கே கொண்டுபோய்விடும், அன்றைய பழைய விண்டோஸோடும் வேண்டாத செயலிகளோடும். டிஸ்க்கை மாற்றியிருந்தால் அந்த மீட்புப் பகுதியே இருக்காது.

ஆகவே பென்டிரைவிலிருந்து புதிதாக நிறுவினோம். இதற்காகப் புதிய லைசென்ஸ் வாங்கச் சொன்னால் வாங்க வேண்டாம். விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப்களின் மதர்போர்டிலேயே சாவி பதிந்திருக்கிறது. முன்பு இருந்தது விண்டோஸின் ஹோம் பதிப்பு என்றால் அதே ஹோம் பதிப்பையே நிறுவினால், இணையம் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் வெறுமையாக இருந்தது. டிஸ்க்கே இல்லை! பையனின் முகம் வாடிவிட்டது. சற்று முன் காப்பி எடுத்த டிஸ்க் அல்லவா, எப்படி மறைந்தது? நாங்கள் காப்பி எடுத்தது லேப்டாப்பில் இருந்த மீட்புச் சூழலின் கட்டளைச் சாளரத்தில், நல்லவேளையாக அதுவரைக்கும் அது வேலை செய்தது. அதில் தயாரிப்பாளர் சேர்த்த டிரைவர் இருந்தது, பென்டிரைவில் இல்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் பல லேப்டாப்களில் டிஸ்க், விஎம்டி என்ற அமைப்பின் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து இறக்கி, விரித்து, பென்டிரைவில் போட்டு 'லோடு டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரிந்துவிடும். எஸ்எஸ்டி (லேப்டாப்பின் டிஸ்க்) செத்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று பலர் பணம் செலவழிப்பது இந்த வெற்றுப் பட்டியலைப் பார்த்துத்தான். கூடவே வைஃபை டிரைவரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறந்திருந்தால் செல்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து அதன் இணையத்தைப் பகிரலாம்.

புதிய நிறுவலும் பாதியில் நின்று, கோப்புகள் சிதைந்துள்ளன என்று பிழை காட்டினால், முதலில் வேறு பென்டிரைவில் முயலுங்கள். அதிலும் அதே பிழை என்றால் ரேமையும் டிஸ்க்கையும் சோதிக்க வேண்டும். அதன் பிறகு எந்த மென்பொருளாலும் பயனில்லை.

எங்களுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. இரவு பத்தரைக்கு டெஸ்க்டாப் வந்தது. ப்ராஜெக்ட் அறிக்கையைத் திறந்து கடைசிப் பக்கம் வரை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவன் சாப்பிட உட்கார்ந்தான்.