வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்ட காரணங்கள்

அப்பா காலமானபின் வாரிசுச் சான்றிதழ் வாங்குவதற்காக மகளுடன் டொராண்டோவிலிருந்து தஞ்சை மாவட்டத்திலுள்ள எங்கள் ஊருக்கு வந்திருந்தேன். இ-சேவை மையத்தில் வேலை சுணங்கவில்லை. 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பத்தைப் பதிந்து ஒப்புகைச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது நகர வேண்டிய வழியில்தான் தாமதம்.

விசாரிக்கப் போனபோது எழுத்தர் என்னை உட்காரவைத்து விளக்கினார்: "மழையில சம்பா எல்லாம் சாஞ்சு போச்சு சார். வி.ஏ.ஓ. பயிர்ச் சேதக் கணக்கெடுப்புல இருக்கார். நடுவுல சர்வரும் வேலை செய்யல." வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றுகூட அதில் இல்லை என்பதால், மகள் இதைச் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டாள். கனடாவில் தாமதம் என்றால் முதல் வரியிலேயே வருத்தம் தெரிவிப்பார்கள். காரணத்தைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். எனக்கோ எழுத்தரின் பேச்சில் பொய் தெரியவில்லை. வரும் வழியெங்கும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த வயல்களை நாங்களே பார்த்திருந்தோம்.

ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் சிகாகோவிலும் மைசூரிலும் ஆய்வு நடத்தி 1984-இல் வெளியிட்டார். தெரிந்த ஒருவர் செய்த தவறுக்குக் காரணம் கேட்டபோது, அமெரிக்கப் பெரியவர்கள் அவருடைய குணத்தையே அதிகம் சுட்டினார்கள். மைசூர்க்காரர்கள் அவருடைய கடமை, உறவு, சூழ்நிலை ஆகியவற்றைச் சொன்னார்கள். சிறு குழந்தைகளிடம் இந்த வேறுபாடு அதிகம் இல்லை, வயது ஏற ஏறத்தான் கூடியது என்பதையும் அந்த ஆய்வு காட்டியது. வளரும் இடத்தில் கற்றுக்கொள்ளும் பழக்கம் இது என்பதால், எழுத்தரின் நேர்மையை இதை வைத்து எடைபோடுவது அநியாயம் என்று மகளிடம் சொன்னேன்.

ஆனால் அதே எழுத்தர் மேலதிகாரி முன் வேறு மாதிரி நடந்துகொண்டார். துணை வட்டாட்சியர் வந்து, "இது ஏன் இன்னும் நிலுவையில் இருக்கு?" என்று கேட்டதும், என்னிடம் அத்தனை காரணம் சொன்னவர் எழுந்து நின்று, "இன்னிக்கே பார்த்துடுறேன் சார்" என்றார். மழை, கணக்கெடுப்பு, சர்வர் எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. மேலே இருப்பவரிடம் காரணம் சொன்னால் அது எதிர்த்துப் பேசுவதாகிவிடுகிறது. எழுத்தில் விளக்கம் கேட்கப்பட்டாலோ, அரசு ஊழியர்களுக்கு ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ), 17(ஆ) குறிப்பாணைகள்தான் நினைவுக்கு வரும். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் நிலைமை வேறு. அங்கே 2009-ஆம் ஆண்டின் மன்னிப்புச் சட்டப்படி, ஒருவர் மன்னிப்புக் கேட்டதை உரிமையியல் வழக்கில் அவர் தவறை ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகக் காட்ட முடியாது. சொன்ன சொல் தன்மேலேயே திரும்பாது என்ற பாதுகாப்பு இருக்கும் இடத்தில் வருத்தம் தெரிவிப்பது எளிது. அந்தப் பாதுகாப்பு இல்லாத எழுத்தரிடம் கனடாவின் பணிவான வாசகத்தை எதிர்பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்குக் குறையாகப் பட்டது ஒன்றுதான்: எவ்வளவு விளக்கினாலும், எப்போது முடியும் என்று அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்த மேசையின் வேலைக்கு அவர் எப்படி நாள் குறிப்பார்? அதனால் ஏன் தாமதம் என்பதை விட்டு, விண்ணப்பம் இப்போது யாரிடம் நிற்கிறது என்று கேட்டேன். உடனே விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, வி.ஏ.ஓ.வையே தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். வயலிலிருந்து பேசிய அவர், வியாழன் மாலை அக்கம்பக்கத்தில் விசாரிக்க வருவதாகச் சொன்னார், சொன்னபடியே வந்தார். நாங்கள் கிளம்புவதற்கு முன்பே சான்றிதழும் கிடைத்துவிட்டது.