நுரையீரல் புற்றுநோய் அறுவைக்கு முன்: சிடி ஸ்கேனா, மார்பு அல்ட்ராசவுண்டா?

சிடி ஸ்கேன் எடுத்த பிறகும் மருத்துவர் அல்ட்ராசவுண்ட் எழுதித் தரும்போது, இது எதற்கு என்று குழம்பும் குடும்பங்களுக்காக இந்த ஒப்பீடு.

கட்டியின் அளவு, இடம், நடுமார்பு நிணநீர்க் கணுக்கள்: சிடியே. காற்று நிறைந்த நுரையீரலை ஒலியலை ஊடுருவாததால், மார்புச்சுவரை எட்டாத கட்டி அல்ட்ராசவுண்டில் தெரியாது.

மார்புச்சுவர் ஊடுருவல்: இங்கே அல்ட்ராசவுண்டின் கை ஓங்குகிறது. மூச்சை அடக்கி எடுக்கும் சிடி படத்தில், கட்டி சுவரைத் தொட்டு மட்டும் நிற்கிறதா, உள்ளே புகுந்துவிட்டதா என்பது பல நேரங்களில் விளங்குவதில்லை. அல்ட்ராசவுண்டிலோ, நோயாளி மெல்ல மூச்சிழுத்து விடும்போது கட்டி சுவரின் மீது வழுக்குகிறதா என்பதை அப்போதே பார்க்கலாம். வழுக்கினால் ஊடுருவலுக்கு வாய்ப்பு குறைவு. அசையாமல் நின்றால் ஊடுருவலாகவும் இருக்கலாம், பழைய காசநோய் விட்டுச்சென்ற வெறும் ஒட்டுதலாகவும் இருக்கலாம். விலா எலும்பையும் அகற்ற நேருமா என்பது இதைப் பொறுத்தே அமைவதால், இந்தச் சில நிமிடச் சோதனையை வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

நுரையீரல் உறை நீர்: சிறிதளவையும் அல்ட்ராசவுண்ட் காட்டும், அதன் வழிகாட்டலிலேயே ஊசியால் எடுக்கலாம். அந்நீரில் புற்றணுக்கள் இருந்தால் அது நான்காம் நிலை. அறுவை பெரும்பாலும் கைவிடப்படும்.

கதிர்வீச்சு: சிடியில் உண்டு, அல்ட்ராசவுண்டில் இல்லை.

செலவு: அல்ட்ராசவுண்டுக்குக் குறைவு, ஆனால் முடிவு, பார்ப்பவரின் பயிற்சியைப் பெரிதும் சார்ந்தது.

ஆகவே, நோயின் நிலையைக் கணிக்கச் சிடி எல்லோருக்கும் தேவை; கட்டி மார்புச்சுவரை ஒட்டியிருந்தாலோ நீர் தேங்கியிருந்தாலோ அல்ட்ராசவுண்டையும் சேர்த்துக்கொள்வது நல்லது.