ஒரு காது மட்டும் மந்தமாகிறதா? கருவி வாங்கும் முன் எம்ஆர்ஐ கேளுங்கள்

போனை இடது காதில் வைத்தால் குரல் கேட்கிறது, ஆனால் பேச்சு விளங்கவில்லை என்று 47 வயதான என் அக்கா சொல்லத் தொடங்கினார். அந்தக் காதில் ஓயாத இரைச்சலும், இருட்டில் நடக்கும்போது தள்ளாட்டமும் இருந்தன. காது கேட்கும் கருவி விற்கும் மையம் ஒன்றில் எடுத்த ஆடியோகிராமில், அதாவது கேள்திறன் வரைபடத்தில், வலது காதின் சிவப்பு வட்டங்கள் நன்றாகக் கேட்பதைக் காட்டும் மேல் பகுதியில் வரிசையாக நிற்கின்றன. இடது காதின் நீலப் பெருக்கல் குறிகள் அதிக அதிர்வெண் பக்கம் செங்குத்தாகச் சரிகின்றன. சொற்களைப் புரிந்துகொள்ளும் திறனை எழுத வேண்டிய கட்டத்தை நிரப்பவே இல்லை. அதைப் பார்த்ததுமே ஏன் ஒரு காது மட்டும் என்று கேட்டு மருத்துவரிடம் அனுப்பியிருக்க வேண்டியவர்கள், வயதானால் வருவதுதான் என்று சொல்லி, நன்றாகக் கேட்கும் காதுக்கும் சேர்த்து இரண்டு கருவிகளை விற்றுவிட்டார்கள்.

அடுத்துப் பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் தலைச்சுற்றல் மாத்திரை கொடுத்தார். நாங்கள் வற்புறுத்திய பிறகு சாதாரண சிடி ஸ்கேன் எடுத்து, ஒன்றுமில்லை என்றார். ஒரு காது மட்டும் மந்தமாவதற்கு, செவி நரம்பு செல்லும் எலும்புக் குழாய்க்குள் வளரும் கட்டியும் காரணமாகலாம்; அது சிறியதாக இருந்தால் சிடியில் தப்பிவிடும். கட்டியைத் தெளிவாகக் காட்ட உதவும் காடோலினியம் என்ற மருந்தை ஊசியில் செலுத்தி, அந்த இடத்தைக் குறிப்பாகப் பார்க்கும் எம்ஆர்ஐ சில மில்லிமீட்டர் கட்டியையும் காட்டும். திடீரென ஒரு காது கேட்காமல் போய் ஸ்டீராய்டில் சரியாகிவிட்டாலும் இந்த ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் கட்டி இருப்பவர்களுக்கும் அப்படிச் சரியாவதுண்டு.

வேறொருவர் சொல்லி எடுத்த எம்ஆர்ஐயில் 12 மில்லிமீட்டர் அளவில் அக்கூஸ்டிக் நியூரோமா என்ற கட்டி தெரிந்தது. சமநிலை நரம்பின் உறையிலுள்ள ஷ்வான் செல்களிலிருந்து வளரும் இது புற்றுநோய் அல்ல. ஆனால் நாங்கள் போன தனியார் மருத்துவமனையில் "மூளைக் கட்டி, இந்த வாரமே அட்மிட் ஆகுங்கள்" என்று அக்காவை அழவைத்தார்கள். இவ்வளவு சிறிய கட்டிகளில் பல ஆண்டுக்கணக்கில் வளராமலே இருக்கும் என்பதையோ, ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் காமா நைஃப் போன்ற கதிர்வீச்சும் ஏற்கப்பட்ட வழிகள் என்பதையோ, முகநரம்பு கட்டியை ஒட்டியே செல்வதால் அறுவையில் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளவும் மீதிக் கேள்திறன் போய்விடவும் வாய்ப்புண்டு என்பதையோ அங்கே ஒருவரும் சொல்லவில்லை. மூளைத்தண்டை அழுத்தும் பெரிய கட்டி என்றால் அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது. அக்காவின் கட்டி மூளைத்தண்டைத் தொடவே இல்லை. இந்த அறுவையை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், முகநரம்பைக் கண்காணிக்கும் கருவி உண்டா என்று கேட்டதற்கு, முதலில் முன்பணம் கட்டுங்கள் என்பதே பதிலாக இருந்தது.

எம்ஆர்ஐ படங்கள் பதிவான குறுந்தகட்டை அந்த மருத்துவமனையிடமிருந்து கேட்டு வாங்கி, இந்தக் கட்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் நரம்பியல் அறுவை மருத்துவரிடமும் கதிர்வீச்சு மருத்துவரிடமும் காட்டினோம். ஆறு மாதத்தில் மறு எம்ஆர்ஐ, வளர்ந்திருந்தால் மட்டும் சிகிச்சை என்று இருவருமே சொன்னார்கள். கருவிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்த மையம் மறுத்துவிட்டதால், பில்லையும் ஆடியோகிராமையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.