கருப்பட்டியின் காதைக் காப்பாற்றிய கிண்ணம்

எங்கள் காக்கர் ஸ்பானியல் நாய் கருப்பட்டிக்கு 3 வயது. அகலத் தட்டில் தயிர்சாதம் வைத்தால் இரண்டு காதும் அதில்தான் கிடக்கும். காய்ந்ததும் முடி சிக்குப் பிடித்து நாற்றம் வந்துவிடும். தொங்கு காதுக்குள் காற்றே போகாது. ஈரம் தங்கினால் புண்தான்.

அப்புறம் 450 ரூபாய்க்கு இந்த எவர்சில்வர் கிண்ணம் வாங்கினேன். அடி அகலம், வாய் குறுகல். முகம் உள்ளே போகிறது, காது வெளியே தொங்குகிறது. அடியில் ரப்பர் வளையம் இருப்பதால் நகர்வதும் இல்லை. ஒரே குறை, உள்ளே ஒட்டிய சோற்றைத் தேய்த்துக் கழுவக் கை நுழைவது சிரமம்.

தினமும் சீவுவதும் காது துடைப்பதும் இன்னும் உண்டு. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அதட்ட வேண்டியதில்லை, அதுதான் எனக்குப் பெரிய நிம்மதி. அதட்டல் தாங்காத மனசு அவளுக்கு. குரல் கொஞ்சம் உயர்ந்தாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள்.