குருவானவர் அங்கி தைக்கக் கண்டியில் ஒரு கடை: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்தே போய்விடலாம். மேல்மாடியில் மூன்று மெஷின், ஒரு வெட்டுமேசை, சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. உரிமையாளர் தன் பெயரையோ கடையின் பெயரையோ போட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். கையில் இருக்கிற ஓடரே அவருக்குப் போதுமாம். அங்கிலிக்கன் குருமாரின் அங்கி, அதன் மேல் போடும் வெள்ளை மேலாடையான சர்ப்ளிஸ், தோளில் போடும் நீள நிறப்பட்டியான ஸ்டோல், பட்டதாரிகளின் கவுன், பட்டத்தைக் காட்ட முதுகில் தொங்கவிடும் ஹூட் எல்லாவற்றுக்கும் இங்கே ஓடர் எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே தரத்தில் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. அங்கியையும் சர்ப்ளிஸையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். ஹூட்டைக் கொடுக்க வேண்டாம்.

மற்றத் தையற்கடைகளில் குருவாக அபிஷேகம் பெறும் நாளன்று அழகாக இருக்க வேண்டும் என்பதோடு யோசனை நின்றுவிடுகிறது. குருவானவரின் வேலை அந்த நாளில் தொடங்கி முப்பது, நாற்பது வருடம் போகும். முதலில் டீக்கன் என்ற உதவிக்குரு, பிறகு குரு. சிலர் பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் படித்ததோடு நிற்காமல் முதுகலை, கலாநிதிப் பட்டம் என்று போய், அங்கேயே விரிவுரையாளராகத் திரும்புகிறார்கள். 1963இல் தொடங்கிய அந்தக் கல்லூரி சிங்களத்திலும் தமிழிலும் கற்பித்து, இறையியல் பட்டம் வழங்கும் இந்தியாவின் செராம்பூர் செனட்டின் பட்டத்துக்கு மாணவரைத் தயார்செய்கிறது. வார நாளில் விரிவுரை, ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சிற்றாலயம் என்று இரண்டு கால்களையும் இரண்டு இடத்தில் ஊன்றி நிற்கும் ஊழியம் அது. இந்தக் கடையில் அளவு நாடாவை எடுப்பதற்கு முன்பே அதைத்தான் கேட்கிறார்கள். எந்தச் சபை, எவ்வளவு உயரமான இடம், காரில் போவதா, நடந்து ஏறுவதா, வகுப்பிலும் அங்கியோடு நிற்பதா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார்கள். கிடைக்கும் பதில்களை வைத்துத்தான் துணியும் வெட்டும் முடிவாகின்றன.

துணியிலிருந்தே ஆரம்பிப்போம். நம் நாட்டில் குருமார் பெரும்பாலும் வெள்ளை அங்கிதான் போடுகிறார்கள். கண்டி, கம்பளை, மாத்தளைப் பக்கம் ஊழியம் செய்பவருக்குப் பருத்தி கூடுதலாகக் கலந்த துணி நல்லது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தனிப் பருத்தி காயவே காயாது, மடிப்பும் நிற்காது. பொலியெஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணிதான் அங்கே சரி. வெள்ளைத் துணியில் உள்ளே போட்டிருக்கும் காற்சட்டை தெரிகிறதா என்பதை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். கடை விளக்கில் பார்த்தால் தெரியாது. ஐந்தடி ஆறங்குல உயரமுள்ளவருக்கு, 58 அங்குல அகலத் துணியில் முன்பக்கம் நேராகப் பொத்தான் வைத்த அங்கிக்கு ஏறக்குறைய 5 யார் போகும். ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் படியும் சாரம் (Sarum; உடுக்கும் சாரமல்ல) பாணி அங்கியென்றால் இன்னும் அரை யாராவது சேர்த்து வாங்க வேண்டும். துணியை நீங்களே வாங்கிக் கொடுக்கலாம். துணிக்கும் கூலிக்கும் தனித்தனியாகப் பில் போடுகிறார்கள் என்பதால், சபைக் கமிட்டிக்குக் கணக்குக் காட்டுவது லேசு.

துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்து, அயர்ன் பண்ணுகிறார்கள். கொலருக்குள்ளும் பொத்தான் பட்டிக்குள்ளும் விறைப்புக்காக வைக்கும் கன்வஸையும் அப்படியே ஊறப்போடுகிறார்கள். அவசரப்படும் கடைகளில் விட்டுவிடுவது இந்த இரண்டாவது வேலையைத்தான். பருத்தி நூற்றுக்கு மூன்று பங்கு சுருங்கினாலே 58 அங்குல நீளத்தில் ஒன்றே முக்கால் அங்குலம் போய்விடும். துணி சுருங்காமல் கன்வஸ் மட்டும் சுருங்கினால் அது இன்னும் மோசம். முதல் சலவையிலேயே முன்பட்டி முழுவதும் நெளிந்துவிடும். எந்த அயர்னாலும் அதை நேராக்க முடியாது.

அளவெடுக்கும் முறைக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். "ஃபாதர், சப்பாத்தோட நில்லுங்க" என்பதுதான் முதல் வார்த்தை. நுவரெலியா, ஹட்டன் பக்கத்தவரிடம் ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். மார்பளவுக்கு மேல் சாதாரணமாக விடும் 4 அங்குலத் தளர்வு ஸ்வெட்டர் போடுபவருக்குப் போதாது. 6 அங்குலம் வேண்டும். பிறகு இரண்டு கைகளையும் ஆசீர்வாதம் கொடுப்பதுபோல் உயர்த்தச் சொல்கிறார்கள். கைத்துளையைத் தாழ்வாக வெட்டியிருந்தால், கையைத் தூக்கும்போது அங்கி முழுவதுமே மேலே ஏறி, கணுக்கால் தெரியும். துளையை உயர்த்தி வெட்டினால் கை மட்டும் எழும். அங்கி இருந்த இடத்தில் இருக்கும்.

நூலோட்டிய நிலையில் நடக்கும் ஃபிட்டிங்கில் முழங்காற்படியிடச் சொல்கிறார்கள். ஆயருக்கு முன் முழங்காலில் நின்றுவிட்டு எழும்பும்போது முன் ஓரத்தை மிதித்துத் தடுமாறுவது அபிஷேக ஆராதனைகளில் அடிக்கடி நடப்பது. அதைத் தவிர்க்க முன் ஓரத்தைப் பின் ஓரத்தைவிட அரை அங்குலம் உயர்த்தி வைக்கிறார்கள். தோட்டத்துப் படிகளில் ஏறுபவருக்கும் இதே வெட்டு உதவும். அவருக்குப் பின்புறம் இடுப்பிலிருந்து இரண்டு உள்மடிப்பு அவசியம். மடிப்பில்லாமல் வெறும் வெட்டு மட்டும் விட்டால் காற்றில் விரிந்து பறக்கும்.

பக்கத் தையலுக்குள் ஒரு அங்குலம், கீழ் ஓரத்தில் 3 அங்குலம் துணியை மடித்து உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். இருபத்து நான்கு வயதில் தைத்த அங்கியை நாற்பதில் பிரித்துத் தளர்த்தலாம். இதற்குக் கூடுதல் கூலி இல்லை. கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனென்றால் புதிதாகச் சேர்ந்த உதவியாள் ஓவர்லொக் மெஷினில் போட்டு அந்தத் துணியை வெட்டிவிடக் கூடும்.

இனிப் பொத்தான். நேர்ப்பொத்தான் அங்கியில் 39 பொத்தான் வைப்பது அங்கிலிக்கன் வழக்கம். 1571இல் இறுதி வடிவம் பெற்ற, அங்கிலிக்கன் சபையின் 39 சமயக் கோட்பாடுகளை அது குறிக்கிறது என்பார்கள். ரோமன் வழக்கில் ஆண்டவரின் வயதைக் குறித்து 33. கழுத்திலிருந்து ஓரம் வரை 56 அங்குலம் என்றால், 39 பொத்தானுக்கு இடைவெளி ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். இந்த எண்ணிக்கையைச் சொல்லாவிட்டால் கண்ணளவில் வைத்துவிடுவார்கள். அதனால் ஓடர் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். துணி சுற்றிய பொத்தானின் உள்ளே இருப்பது தகரமா, நைலோனா என்று கேட்பது அதைவிட முக்கியம். மலையகத்து ஈரத்தில் தகரம் துருப்பிடித்து, வெள்ளை அங்கியின் நடுவே மேலிருந்து கீழாக மஞ்சள் புள்ளி வரிசையாக விழும். அந்தக் கறைக்குப் பிளீச் போட்டால் இன்னும் ஊறிப் பிடிக்கும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்தால் ஓரளவு போகும். இந்தக் கடையில் நைலோன் பொத்தானும் இருக்கிறது, தகரப் பொத்தானும் இருக்கிறது. கேட்டால்தான் நைலோன் கொடுக்கிறார்கள். கேட்காமலே கொடுத்திருக்க வேண்டும். இவ்வளவு யோசித்து வேலை செய்யும் கடையில் இது ஒரு குறைதான்.

சர்ப்ளிஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோளில் படியும் நுகத்தடித் துண்டில் சுருக்கம் சீராக இருக்கிறது, விழுகையும் நன்றாக இருக்கிறது. கையின் அகலத்தை மட்டும் அளந்து சொல்லுங்கள். பீடத்தில் மெழுகுதிரிக்கு மேலாகக் கையை நீட்டும்போது அகலக் கை தொங்கும். பொலியெஸ்டர் கூடுதலாக இருந்தால் தீ பட்ட இடத்தில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். சர்ப்ளிஸுக்குப் பருத்தியோ லினனோதான் வேண்டும்.

ஸ்டோலுக்கு அவர்கள் செய்யும் ஒரு வேலை மிகவும் பிடித்திருந்தது. டீக்கன் ஸ்டோலை இடது தோளில் போட்டு வலது இடுப்பருகே சேர்த்துக் கட்ட வேண்டும். குருவான பிறகு அதே ஸ்டோல் கழுத்திலிருந்து இரண்டு பக்கமும் நேராகத் தொங்கும். பொதுப் பிரார்த்தனைப் புத்தகத்தில் அபிஷேக முறைக்கான முன்னுரை டீக்கனுக்குக் குறைந்தது 23 வயது, குருவுக்கு 24 வயது என்று வைக்கிறது. அதாவது டீக்கனாக இருக்கும் காலம் குறுகியது. அதற்கென்று தனி ஸ்டோல் வாங்குவது வீண்செலவு. இங்கே லைனிங் பக்கம் ஒரு சிறு நூல்வளையமும் பொத்தானும் வைத்துத் தருகிறார்கள். குருத்துவ அபிஷேகத்துக்குப் பிறகு அதைப் பிரித்துவிட்டால் தடம்கூடத் தெரியாது. கழுத்தின் பின்பக்கம் இரண்டு துண்டுகளையும் சரிவாக இணைப்பதால் ஸ்டோல் கழுத்தில் படிந்து நிற்கிறது. ஒரே நேர்த் துண்டாகத் தைத்தால் பிடரியில் தூக்கிக்கொண்டு நிற்கும். கழுத்தில் 3 அங்குலம், நுனியில் 5 அங்குலம் அளவான அகலம். எம்பிராய்டரி மெஷின் வேலை, நெருக்கமாக இருக்கிறது. ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை நான்கையும் ஒரே தடவையில் ஓடர் பண்ணத் தேவையில்லை. வருடத்தில் கூடுதல் ஞாயிறுகளுக்குப் பச்சைதான் வேண்டும். அபிஷேகத்தின்போது என்ன நிறம் என்று ஆயர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அதையும் பச்சையையும் முதலில் எடுங்கள்.

படிப்போடு சேர்ந்த உடைகளில்தான் கடை தடுமாறுகிறது. காலை, மாலை ஆராதனைகளில் அங்கி, சர்ப்ளிஸ், கறுப்பு ஸ்கார்ஃப் ஆகியவற்றோடு பட்டத்துக்குரிய ஹூட் போடுவது பழைய முறை. இங்கிலாந்துத் திருச்சபையின் 1604ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆவது விதி, பட்டதாரிக் குருமார் தங்கள் பல்கலைக்கழக முறைப்படி சர்ப்ளிஸின் மேல் ஹூட் அணிய வேண்டுமென்றும், பட்டமில்லாதவர் பட்டுத்துணியல்லாத கறுப்பு டிப்பெற் (தோளில் போடும் பட்டி) அணியலாமென்றும் சொன்னது. திருவிருந்தில் ஸ்டோல் போடும்போது ஹூட் சேராது. எத்தனை பட்டமிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு ஹூட்தான். இதெல்லாம் கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். கறுப்பு ஸ்கார்ஃபையும் கழுத்தில் மடிப்பு வைத்து ஒழுங்காகத் தைக்கிறார்.

ஹூட்டின் வெட்டு வேறு வித்தை. ஒக்ஸ்ஃபோர்ட் எளிய வடிவத்தில் தோளை மூடும் கேப் கிடையாது. கேம்பிரிட்ஜ் முழு வடிவத்தில் கேப், தலைமூடி, வால் மூன்றும் உண்டு. கடையில் இருப்பது ஒரே ஒரு பட்டர்ன். எந்தப் பல்கலைக்கழகமென்று சொன்னாலும் அதில்தான் வெட்டுகிறார்கள். கழுத்துப் பட்டியை வளைவில்லாமல் நேராக வெட்டுவதால் ஹூட்டின் பாரமெல்லாம் பின்னால் இழுத்து, முன்பக்கம் தொண்டையை அழுத்துகிறது. அரை மணி நேரப் பிரசங்கத்துக்கு அது தாங்காது. பட்டியை வளைத்து வெட்டி, நடுவில் ஒரு வளையம் வைத்து அங்கியின் பொத்தானில் மாட்டினால் இந்தத் தொல்லை இராது. லைனிங் நிறமும் பிரச்சினை. கேம்பிரிட்ஜ் டிடி (இறையியல் கலாநிதி) ஹூட் சிவப்புக் கம்பளித் துணியில், புறாக்கழுத்து நிறத்தில் மின்னும் இருநூல் பட்டு லைனிங்கோடு வரும். ஒக்ஸ்ஃபோர்ட் டிடிக்கு அதே சிவப்பு, லைனிங் கறுப்புப் பட்டு. கறுப்பைக் கண்டியில் எப்படியாவது தேடிவிடலாம். இருநூல் பட்டுக்குப் பதிலாக அவர்கள் வைக்கும் சாம்பல் சட்டின் அருகில் வந்தாலே வேறென்று தெரிந்துவிடும். வருடக்கணக்காக உழைத்து வாங்கிய பட்டத்துக்கு அது மரியாதையாகாது. கவுனிலும் இதே கதை. முதுகில் நுகத்தடிக்குக் கீழே கையால் பிடிக்க வேண்டிய குழல்மடிப்புகளை மெஷின் சுருக்கமாக முடித்துவிடுவதால் கவுன் தட்டையாகத் தொங்குகிறது.

வெளிநாட்டில் படித்தவர் ஹூட்டை அங்கேயே பட்டமளிப்புக் காலத்தில் வாங்கிவிட வேண்டும். செராம்பூர்ப் பட்டக்காரர் கல்லூரியில் விசாரித்து, அதே பட்டம் பெற்ற மூத்தவரின் நல்ல ஹூட் ஒன்றை மாதிரியாகக் கொண்டுவந்து, அதன்மேல் தாளை வைத்துக் கழுத்துப் பட்டியையும் வரைந்துகொள்ளும்படி கடையில் சொல்லலாம். மாதிரி கையிலிருந்தால் ஒழுங்காகத் தைக்கிறார்கள். கை நல்ல கைதான், பட்டர்ன்தான் பிழை.

தைத்து வாங்கியபின் பராமரிப்பு உங்கள் பொறுப்பு. கடையில் கொடுக்கும் பிளாஸ்டிக் உறையை வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளே ஈரம் தங்கி ஒரே மழைக்காலத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணத்துக்கு உதவாது. பழைய பருத்திச் சாரமொன்றால் போர்த்தி, அலுமாரிக் கதவை வாரத்தில் ஒருநாள் திறந்துவிட்டாலே போதும். மழையில் நனைந்த அங்கியை அப்படியே கொழுக்கியில் போடாமல் முழுக்கக் காயவைத்துத் தொங்கவிடுங்கள். ஸ்டோலைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது. உள்ளிருக்கும் கன்வஸ் சுருங்கிக் குமிழ் விடும்.

மூன்று வாரத்தில் தருவதாகச் சொல்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறப்போட்ட துணி காய்வதற்கே நாளாகும். போதாததற்கு நத்தாருக்கு முந்திய வருகைக்காலத்துக்கு ஊதா ஸ்டோல் கேட்பவர்களும் அப்போதுதான் வருவார்கள். அபிஷேகத் திகதி தெரிந்தவுடன் ஆறு வாரம் முந்தியே கொடுங்கள். ஓடர் தாளில் பொத்தான் எண்ணிக்கை, நைலோன் பொத்தான், ஓரத்தில் விடவேண்டிய 3 அங்குலம் மூன்றையும் எழுதி, இரண்டு உதிரிக் கொலர் பட்டியும் கேட்டு வாங்குங்கள்.